எரியும் ஏரியும்

அப்பாவின் மூன்றாம் வருஷ நினைவுப் பூசை 2024 பிப்ரவரியில் நடந்தது. சிங்கப்பூரிலிருந்து அண்ணன் முதல்நாளே எங்கள் ஊரான ஆவூருக்கு வந்துவிட்டார். வந்த கையோடு பையைத் திறந்து ஒரு ஹார்ட் டிஸ்க்கை எடுத்து என்னிடம் கொடுத்தார்.

"பதினோரு வருஷத்துப் படம், தம்பி. கிளவுட்ல இடம் ரொம்பிப் போச்சு. மொத்தத்தையும் இறக்கிக் கொண்டாந்துட்டேன். நீ பிரிச்சு ஒழுங்கு பண்ணி நாளைக்கு டிவியில போடு, அம்மா பாக்கட்டும். அப்புறம் அங்க இருக்கிறத அழிச்சுரலாம்."

நான் திருச்சியில் ஓர் அச்சகத்தில் புத்தகப் பக்கம் வடிவமைப்பவன். கணினியோடு இருபத்தைந்து வருஷப் பழக்கம். வீட்டில் இந்த மாதிரி வேலை வந்தால் என்னிடம்தான் வரும். அன்று இரவு எல்லோரும் படுத்த பிறகு திண்ணையில் உட்கார்ந்து ஜிப் கட்டுகளை ஒவ்வொன்றாகப் பிரித்தேன். ஒவ்வொரு படத்துக்கும் பக்கத்தில், அதே பெயரில், 'ஜேசன்' என்ற வால் ஒட்டிய ஒரு சின்னக் கோப்பு இருந்தது. அளவு ஒரு கிலோபைட், மிஞ்சினால் இரண்டு. கிளவுட் நிறுவனம் தன் வசதிக்காகப் போட்டுவைத்த ஏதோ கழிவு என்று நினைத்தேன். ஒன்றைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. எல்லாவற்றையும் வகைப்படி அடுக்கி, ஜேசன்களை மொத்தமாகத் தேர்ந்தெடுத்து அழித்தேன். டிஸ்க்கில் இடம் நெருக்கடியாக இருந்ததால் பிரித்த ஜிப் கட்டுகளையும் நீக்கினேன். சுத்தமாக வேலை செய்துவிட்ட திருப்தியோடு படுக்கப் போனேன். அந்த இரவை நினைத்தால் இப்போதும் வயிற்றைப் பிசைகிறது.

மறுநாள் பூசை முடிந்து, சாப்பாடு முடிந்து, பிள்ளைகள் எல்லாம் பாயை விரித்து டிவிக்கு முன்னால் உட்கார்ந்தார்கள். அம்மாவுக்கு நாற்காலி போட்டோம். முதல் படம் அண்ணன் மகளின் பள்ளி ஆண்டு விழா. அடுத்தது அப்பா அம்மாவின் கல்யாணப் படம். அதற்கடுத்தது யாரோ அனுப்பிய பொங்கல் வாழ்த்து. பிறகு அப்பாவின் அடக்கப் பூசை. உடனே அவரே சட்டையில்லாமல் கிணற்றடியில் சிரிக்கும் படம். தேதிப்படி காட்டு என்று டிவிக்குச் சொன்னால் அது ஆயிரக்கணக்கான படங்களை ஒரே தேதியின்கீழ் காட்டியது. நான் ஜிப்பைப் பிரித்த முந்தின நாள் தேதி.

அம்மா கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தாள். "ஏன்டா எல்லாம் இப்பிடிக் கலைஞ்சு கெடக்கு?" என்றாள். பிறகு கல்யாணப் படம் மறுபடி வந்தபோது கேட்டாள்: "இதுக்குக் கீழ அப்பா சொன்னதெல்லாம் அண்ணன் எழுதியிருந்தானே, அது எங்க?"

அந்தக் கேள்விக்குப் பிறகுதான் எனக்கு விஷயமே உறைத்தது.

2018ஆம் வருஷ விடுமுறையில் அண்ணன் பத்து நாள் வீட்டிலேயே இருந்தார். டிரங்குப் பெட்டியில் கிடந்த பழைய கறுப்பு வெள்ளைப் படங்களை எல்லாம் நான் திருச்சிக்குக் கொண்டுபோய் ஸ்கேன் செய்து அவருக்கு அனுப்பினேன். சாயங்காலமானால் அப்பா கட்டிலில் சாய்ந்துகொள்வார். அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு படமாகக் காட்டுவார். அப்பா சொல்வார், அண்ணன் அதை அப்படியே போனில் தமிழில் தட்டி, படத்தின் 'விவரம்' என்கிற கட்டத்தில் சேர்ப்பார். ஸ்கேன் செய்த படத்துக்குள் இருப்பது ஸ்கேன் செய்த தேதிதான். ஆகவே தேதியையும் திருத்தினார். கல்யாணப் படத்துக்கு 1968 மே என்று போட்டார்.

அப்பா நல்ல கதைசொல்லி. கல்யாணப் படத்துக்கு அவர் சொன்னது எனக்குப் பாடம்: "பின்னால குடை பிடிச்சுக்கிட்டு நிக்கிறவரு உபதேசியாரு. அன்னைக்கு மழையெல்லாம் இல்ல, வெயிலுக்குப் பிடிச்சது. படம் புடிக்கிறவன் குடைய மடக்குங்கன்னான். மாட்டேன்னுட்டாரு." இப்படி நூற்றுக்கும் மேற்பட்ட படங்களுக்கு அவர் வாய்மொழி இருந்தது. 2021 பிப்ரவரியில் அப்பா போய்விட்டார். அந்த வாய்மொழி எல்லாம் இருந்தது நான் குப்பை என்று தள்ளிய சின்னக் கோப்புகளில்.

நல்லவேளை, அண்ணன் கிளவுட் கணக்கை இன்னும் அழிக்கவில்லை. "அண்ணே, அதைத் தொடாதே" என்று நான் கத்திய கத்தலில் அடுத்த வீட்டுக்காரர்கள் எட்டிப்பார்த்தார்கள். அன்றிரவே மறுபடி கேட்டுப் பதிவு செய்தோம். இந்தச் சேவைகளில் மொத்தப் படங்களையும் கேட்டால் உடனே கிடைக்காது. அவர்கள் பக்கம் கட்டு கட்டி முடிக்க மணிக்கணக்கு ஆகும், சில சமயம் நாள் கணக்கு. பிறகு மின்னஞ்சலில் சுட்டி வரும். அதற்கும் கெடு உண்டு. கெடுவுக்குள் இறக்காவிட்டால் மறுபடி முதலிலிருந்து. ஆவூரில் கிடைக்கும் போன் சிக்னலை நம்பாமல், சுட்டி வந்ததும் பைக்கை எடுத்துக்கொண்டு திருச்சிக்குப் போய் அச்சகத்து இணைப்பில் இரவெல்லாம் இறக்கினேன்.

விடியற்காலையில் முதல் ஜேசனைத் திறந்தேன். சாதாரண எழுத்துக் கோப்புதான், நோட்பேடில் படிக்கலாம். படத்தின் பெயர், விவரம், எடுத்த நேரம், இடத்தின் அட்சரேகை தீர்க்கரேகை. விவரம் என்ற இடத்தில் அப்பாவின் குடைக் கதை ஓர் எழுத்துக் குறையாமல் இருந்தது. அச்சகத்தில் அப்போது யாரும் இல்லை. சத்தமாகப் படித்தேன்.

படத்தோடு சேர்ந்து பயணம் போகிற இந்தக் குறிப்புகளுக்கு மெட்டாடேட்டா என்று பெயர். கேமராவே எழுதுவது எக்ஸிஃப். 1995இல் ஜப்பானிய எலக்ட்ரானிக்ஸ் தொழில் சங்கம் ஒன்று வகுத்த முறை அது. எடுத்த நாள், நொடி, லென்ஸ், வெளிச்சம், ஜிபிஎஸ் இருந்தால் இடம், எல்லாம் படக் கோப்புக்குள்ளேயே பதிந்துவிடும். அண்ணன் தன் போனில் எடுத்த படங்களுக்கு இது உள்ளேயே பத்திரமாக இருந்தது. டிவிதான் அதைப் பார்க்காமல், கோப்பு டிஸ்க்கில் உருவான தேதியைப் பார்த்து அடுக்கிவிட்டது. ஸ்கேன் செய்தவை, வாட்ஸ்அப்பில் வந்தவை, செயலிக்குள் உட்கார்ந்து கையால் தேதி மாற்றியவை ஆகியவற்றின் நிலை வேறு. வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் எக்ஸிஃப் போய்விடும், டாக்குமென்ட்டாக அனுப்பினால்தான் தங்கும். கையால் செய்த திருத்தமோ படத்துக்குள் ஏறவே இல்லை. அது நிறுவனத்தின் ஏட்டில் இருந்தது. படத்தை வெளியே கொடுக்கும்போது, ஏட்டில் இருந்ததைத் தனிச் சீட்டில் எழுதிப் பக்கத்தில் வைத்துக் கொடுக்கிறார்கள். அந்தச் சீட்டுதான் ஜேசன். சீட்டைத் தொலைத்தால் படம் ஊமை.

இதை யோசித்துக்கொண்டிருந்தபோது எங்கள் ஊரோடு சம்பந்தப்பட்ட ஒருவர் நினைவுக்கு வந்தார். ஆவூர்க் கோயிலில் வீரமாமுனிவர் பணியாற்றியிருக்கிறார் என்பது எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். 1710இல் இந்தியா வந்த இத்தாலியர், தேம்பாவணி பாடியவர், 1732இல் சதுரகராதி தந்தவர். எனக்கு அவர் மேல் கூடுதல் பிரியம் வந்ததற்குக் காரணம் என் தொழில். எழுத்து வடிவங்களோடு நாள் முழுவதும் கிடப்பவன் நான்.

அவர் காலத்துக்கு முன்பு தமிழில் குறில் எகரத்துக்கும் நெடில் ஏகாரத்துக்கும் வடிவம் ஒன்றுதான். மேலே புள்ளி வைத்தால் குறில், வைக்காவிட்டால் நெடில். ஒகர ஓகாரத்துக்கும் அப்படியே. ஓலையில் எழுத்தாணியால் எழுதும்போது புள்ளி வைத்தால் ஓலை பொத்துப்போகும் என்று பலர் புள்ளியை விட்டுவிடுவார்கள். பெயர்த்தெழுதுகிறவர் புள்ளியில்லாத ஓலையைப் பார்த்துப் புள்ளியில்லாமலே எழுதுவார். கடைசியில் 'எரி' என்று எழுதியிருக்கிறதா, 'ஏரி' என்று எழுதியிருக்கிறதா என்று படிப்பவர் ஊகிக்கவேண்டும். தீயா தண்ணீரா என்பதே ஒரு புள்ளியில் நின்றது. வீரமாமுனிவர் என்ன செய்தார் என்றால், எழுத்துக்கு வெளியே ஒட்டிக்கொண்டிருந்த அந்தக் குறிப்பை எழுத்தின் உடம்புக்குள்ளேயே கொண்டுவந்தார். ஏகாரத்துக்குக் கீழே ஒரு கோடு, ஓகாரத்துக்கு ஒரு சுழி, ஒற்றைக் கொம்புக்குப் பக்கத்தில் இரட்டைச் சுழிக் கொம்பு. இனி யார் பெயர்த்தெழுதினாலும், எழுத்தை எழுதினால் அளவும் கூடவே வந்துவிடும்.

நான் செய்யவேண்டியதும் அதுவே என்று தெரிந்தது. பக்கத்துச் சீட்டில் இருப்பதைப் படத்தின் உடம்புக்குள் ஏற்றிவிட வேண்டும்.

அதற்கென்று ஒரு கருவி இருக்கிறது. எக்ஸிஃப்டூல் என்று பெயர். ஃபில் ஹார்வி என்கிற கனடாக்காரர் 2003இலிருந்து எழுதிப் பராமரித்துவரும் இலவச மென்பொருள். பொத்தான்கள் கிடையாது, கட்டளை எழுதித்தான் வேலை வாங்கவேண்டும். ஒரு படத்தைக் காட்டி, அதன் ஜேசனைக் காட்டி, இதிலுள்ள இந்தப் புலத்தை அதிலுள்ள அந்தப் புலத்தில் எழுது என்று சொன்னால் எழுதும். இன்னொரு நல்ல குணம், திருத்துவதற்கு முன் மூலப் படத்தை வேறு பெயரில் தானே பத்திரப்படுத்தும். அந்தக் குணம்தான் என்னை இரண்டு முறை காப்பாற்றியது.

முதல் தடவை இடத்தில் தவறினேன். ஜேசனில் உள்ள அட்சரேகை தீர்க்கரேகையை எல்லாப் படங்களிலும் எழுது என்று கட்டளை கொடுத்துவிட்டு வரைபடத்தில் பார்த்தேன். அப்பா அம்மாவின் கல்யாணம் ஆப்பிரிக்காவுக்கு மேற்கே கடல் நடுவில் நடந்ததாகக் காட்டியது. தாத்தாவின் மாட்டுவண்டியும் அங்கேயே நின்றது. இடம் தெரியாத படங்களுக்கு ஜேசனில் பூஜ்யம், பூஜ்யம் என்று போட்டிருப்பார்கள். பூமத்திய ரேகையும் கிரீன்விச் ரேகையும் வெட்டிக்கொள்ளும் புள்ளி அது, கினி வளைகுடாவில். ஆவூரோ வடக்கே 10 பாகைக்குச் சற்று மேல், கிழக்கே 78 பாகைக்குச் சற்று மேல். தெரியாது என்பதைப் பூஜ்யம் என்று எழுதுவது எவ்வளவு பெரிய பிழை என்று அன்றைக்குப் புரிந்தது. மூலங்களை மீட்டு, பூஜ்யம் உள்ளவற்றை விட்டுவிடு என்று நிபந்தனை சேர்த்துக் கட்டளையைத் திருத்தினேன்.

இரண்டாவது தவறு நுட்பமானது. அம்மா இல்லையென்றால் எனக்குத் தெரியாமலே போயிருக்கும்.

எங்கள் ஊரில் ஈஸ்டரை ஒட்டி பாஸ்கா என்கிற பாடுகளின் நாடகம் நடக்கும், அதைத் தொடர்ந்து தேர். சுற்றுவட்டாரத்துக்கே பெயர் போன விழா. மதம் பார்க்காமல் சனம் கூடும். அப்பா எத்தனையோ வருஷம் பாஸ்காவில் திரை இழுத்தவர். உடம்பு தளர்ந்த பிறகும் மேடைப் பக்கம் போய் நிற்காமல் இருக்க மாட்டார். அவர் கலந்துகொண்ட கடைசி ஈஸ்டர் 2019இல். 2020 ஈஸ்டர் ஏப்ரல் 12 அன்று வந்தது, அப்போது நாடே ஊரடங்கில் இருந்தது. வீட்டுக்குள்ளேயே செபம் சொல்லி முடித்தோம். ஆகையால் 2019இல் எடுத்த ஒரு படம் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் முக்கியம். கோயில் வாசலில் அப்பா நிற்கிறார். கையில் மெழுகுவர்த்தி. மெழுகு கையில் வழியாமல் இருக்க வட்டமாக வெட்டிய அட்டையைச் செருகியிருக்கிறார், அட்டையின் ஒரு ஓரம் கருகியிருக்கிறது. சுடர் காற்றில் இடப்பக்கம் சாய, அதை மறைக்க இடது கையைக் குவித்து வைத்திருக்கிறார். விரல்களுக்கு நடுவே வெளிச்சம் சிவப்பாகத் தெரியும்.

சரிசெய்த படங்களை அடுத்த ஞாயிறு மடிக்கணினியில் அம்மாவுக்குக் காட்டினேன். ஒவ்வொன்றுக்கும் கீழே தேதியும் நேரமும் தெரியும்படி வைத்திருந்தேன். இந்தப் படம் வந்ததும் அம்மா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு படித்தாள். "இருபதாந் தேதி, ராத்திரி ஏழு நாப்பது" என்று வாய்விட்டுச் சொன்னாள்.

"தப்பு" என்றாள்.

"கம்ப்யூட்டர்ல பதிவானதும்மா."

"எதுல பதிவானா என்ன? ஏழே முக்காலுக்கு உங்கண்ணன் பிளேன்லல்ல இருந்தான். பெரிய சனிக்கிழமை பூசை நடந்துக்கிட்டு இருக்கறப்பதானே வந்து சேந்தான்? இந்தப் படத்த எடுத்ததே அவன்தான். அதுவும் போக, மெழுகுதிரி எரியுது பாரு. நடுச்சாமத்துல புதுத் தீ மந்திரிச்சு, பாஸ்காத் திரியில ஏத்துன பெறகுதானே எல்லார் கைக்கும் நெருப்பு வரும்? ஏழரைக்கு ஏதுடா திரி?"

ஜேசனை மறுபடி திறந்தேன். எடுத்த நேரம் என்ற இடத்தில் 1555789200 என்று ஓர் எண். 1970 ஜனவரி 1ஆம் தேதி தொடங்கிய நொடியிலிருந்து கடந்த நொடிகளின் எண்ணிக்கை அது. அதற்குக் கீழே மனிதர் படிப்பதற்காக ஏப்ரல் 20, இரவு 7.40 என்று இருந்தது, கடைசியில் யுடிசி என்று மூன்று எழுத்து. உலகப் பொது நேரம். இந்திய நேரம் அதைவிட ஐந்தரை மணி முந்தி ஓடுகிறது. 7.40ஓடு ஐந்தரையைக் கூட்டினால் நள்ளிரவு தாண்டி 1.10. தேதி ஏப்ரல் 21, உயிர்ப்பு ஞாயிறு. பூசை முடிந்து வாசலுக்கு வரும் நேரம். அம்மா சொன்னது நிமிஷம் பிசகாமல் சரி.

நான் செய்த பிழை இது: கேமரா சரியான உள்ளூர் நேரத்தை எழுதிவைத்திருந்த படங்களையும் சேர்த்து, எல்லாவற்றுக்கும் ஜேசனின் பொது நேரத்தை மேலே எழுதிவிட்டேன். காலை ஐந்தரைக்கு முன் எடுத்த ஒவ்வொரு படமும் முந்தின நாளுக்குப் போய்விட்டது. மற்றவற்றில் தேதி தப்பித்தாலும் நேரம் தவறியது. உள்ளே நல்ல தேதி இருக்கும் படத்தை யாரும் தொடக் கூடாது. இல்லாதவற்றுக்கு மட்டுமே வெளியிலிருந்து கொடுக்கவேண்டும். அதிலும் எல்லாவற்றுக்கும் ஐந்தரை மணியைக் கூட்டிவிட முடியாது. அண்ணன் சிங்கப்பூரில் எடுத்தவற்றுக்கு எட்டு மணி கூட்டவேண்டும். எக்ஸிஃப் முறையில் நீண்ட காலம் நேரத்தை மட்டும் எழுத இடம் இருந்தது, எந்த நாட்டு நேரம் என்று எழுத இடமில்லை. 2016இல் வந்த திருத்தத்தில்தான் அந்தப் புலம் சேர்ந்தது. நம் கல்வெட்டுகளில் 'பரகேசரிவர்மற்கு யாண்டு மூன்று' என்று இருந்தால் எந்தப் பரகேசரி என்று அறிஞர்கள் மண்டையை உடைத்துக்கொள்வதில்லையா, சோழர்கள் மாறி மாறிச் சூடிக்கொண்ட பட்டம் அல்லவா அது? எழுதியவனுக்குத் தெரியும், அவன் காலத்தவருக்கும் தெரியும். ஐந்நூறு வருஷம் கழித்து வருகிறவனுக்கு ஒரு சொல் கூடுதலாக வேண்டும். படங்களை இந்தியா, சிங்கப்பூர் என்று பிரித்து, ஒவ்வொன்றிலும் நேர வித்தியாசத்தையும் சேர்த்து எழுதினேன்.

அம்மா எல்லாவற்றிலும் சரியாக இருந்தாள் என்று சொல்லமாட்டேன். தேர்ப் படம் ஒன்றை 2017 என்று அடித்துச் சொன்னாள். படத்துக்குள் இருந்தது 2018 ஏப்ரல். அதில் அண்ணன் மகள் கையில் மாவுக்கட்டோடு நிற்கிறாள், அவள் மாடிப்படியில் விழுந்தது 2018இல். அம்மா ஒத்துக்கொண்டாள். ஆள் நினைவும் வேண்டும், எழுத்தும் வேண்டும்.

வாய்மொழியும் அச்சும் பெயர்த்து எழுதப்படும்போது எவ்வளவு தூரம் வழிதவறும் என்பதற்கு எங்கள் ஊர்க் கோயிலே சாட்சி. ஆவூரில் முதல் கோயிலைக் கட்டியவர் யோவான் வெனான்சியுஸ் புஷே என்ற பிரெஞ்சு இயேசு சபைக் குரு, கட்டிய ஆண்டு 1547 என்று பல குறிப்புகளில் திரும்பத் திரும்ப வருகிறது. நானும் பள்ளியில் அப்படியே ஒப்பித்திருக்கிறேன். புஷே பிறந்தது 1655இல், இறந்தது 1732இல். ஆவூரும் அடங்கிய மதுரை மறைப்பணித்தளத்தையே நொபிலி என்ற குரு 1606இல்தான் தொடங்கினார். 1547 எப்படிப் பொருந்தும்? யாரோ எப்போதோ ஓர் இலக்கத்தைத் தவறாகப் படித்திருக்கவேண்டும், அடுத்தவர் அதைப் பார்த்து எழுத, அதற்கடுத்தவர் அதைப் பார்த்து எழுத, இன்று தவறே நிலைத்துவிட்டது. இப்போதுள்ள கோயிலுக்குச் சொல்லப்படும் ஆண்டு 1747. வீரமாமுனிவர் மறைந்த ஆண்டும் அதுவே. ஊருக்கே பொதுவான ஒரு கோயிலின் பிறந்த தேதிக்கே இந்தக் கதி என்றால், எங்கள் வீட்டு டிரங்குப் பெட்டிக்கு என்ன உத்தரவாதம்?

கல்யாணப் படத்தில் இன்னும் இரண்டு சிக்கல் காத்திருந்தன. முதலாவது அதன் எண். 1970க்கு முந்திய தேதி என்பதால் ஜேசனில் எண்ணுக்கு முன்னால் மைனஸ் குறி இருந்தது. ஐந்து கோடி நொடிக்கும் மேல் பின்னோக்கிய எண். நான் எழுதிவைத்த சின்ன நிரல் மைனஸைக் கண்டதும் நின்றுவிட்டது. அப்படிப்பட்ட படங்கள் மொத்தம் பதினெட்டுதான். நிரலைத் திருத்தப் போகாமல் கையாலேயே தேதியைத் தட்டினேன்.

இரண்டாவது தமிழ். அப்பாவின் வார்த்தைகளை எக்ஸிஃப் முறையின் விவரப் புலத்தில் எழுதினால் சில மென்பொருள்களில் வெறும் கேள்விக்குறிகளாகத் தெரிந்தது. அந்தப் புலம் ஆங்கில எழுத்துகளையும் எண்களையும் மட்டும் மனத்தில் வைத்து வகுக்கப்பட்டது. உலகத்தில் வேறு எழுத்து இருப்பதை அந்த இடம் எண்ணிப் பார்க்கவில்லை. 2001இல் அடோபி நிறுவனம் கொண்டுவந்த எக்ஸ்எம்பி என்ற முறை அப்படியல்ல. அதன் எழுத்துமுறையே யூனிகோடு. தமிழ் தமிழாகவே நிற்கும். அதுவும் படக் கோப்புக்குள்ளேயே உட்காரும். ஆகவே விவரங்கள் அனைத்தையும் எக்ஸ்எம்பி புலத்தில் எழுதினேன். உபதேசியாரின் குடை அங்கே ஏறிய பிறகு, படத்தை இன்னொரு கணினியில் வேறு மென்பொருளில் திறந்து பார்த்தேன். கொம்பும் காலும் புள்ளியும் எல்லாம் இருந்தன. தமிழில் குறிப்பு எழுதுகிறவர்கள் இதை அவசியம் சோதித்துப் பார்க்கவேண்டும். நம் எழுத்து பத்திரமாகப் போய்ச் சேர்கிறதா என்று வேறு யாரும் நமக்காகப் பார்க்கப் போவதில்லை.

மீதி இருந்தது பொறுமை வேலை. கோப்புப் பெயர் நீளமாக இருந்தால் ஜேசனின் பெயரை வெட்டிவிடுகிறார்கள், ஜோடி சேராது. ஒரே பெயரில் இரண்டு படம் இருந்தால் அடைப்புக்குறிக்குள் வரும் எண் படத்தில் ஓரிடத்திலும் ஜேசனில் வேறிடத்திலும் இருக்கும். செயலிக்குள் வெட்டி ஒட்டித் திருத்திய படங்களுக்குத் தனி ஜேசனே கிடையாது, மூலப் படத்தின் ஜேசனைத்தான் கொடுக்கவேண்டும். மூன்று மாதம் இரவு வேளைகளில் உட்கார்ந்து முடித்தேன். ஐம்பத்திரண்டு படங்களுக்கு எந்தச் சீட்டும் கிடைக்கவில்லை. அவற்றை அம்மாவிடம் கொண்டுபோனேன். அப்பா உட்கார்ந்த அதே கட்டிலில் உட்கார்ந்து அம்மா சொன்னாள், நான் தட்டினேன். வருஷம் உறுதியாகத் தெரிந்ததற்கு வருஷம், தெரியாததற்கு 'மழைவெள்ளம் வந்த வருஷத்துக்கு அடுத்தது, அம்மா சொன்னது' என்று அப்படியே. ஊகித்துத் தேதி போடவில்லை. எங்களுக்குச் சொல்ல அம்மா இருந்தாள். எல்லாப் படங்களுக்கும் அப்படி ஆள் கிடைப்பதில்லை.

புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், பிரிட்டிஷ் நூலகத்தின் ஆதரவோடு, தமிழ்நாட்டு ஸ்டுடியோக்களிலும் வீடுகளிலும் கிடந்த பழைய படங்களைத் தேடி ஸ்கேன் செய்து காப்பாற்றியது. அப்படிப்பட்ட பழைய ஸ்டுடியோப் படங்களைப் பார்க்கும்போதெல்லாம் என்னை வாட்டுவது ஒன்றுதான். மாப்பிள்ளை பெண்ணாக, கைக்குழந்தையோடு, பூந்தொட்டிக்குப் பக்கத்தில் எத்தனை பேர் நேராக நம்மைப் பார்க்கிறார்கள். பெயர் இல்லை. கேட்டுச் சொல்ல ஆளும் இல்லை. அந்தக் காலத்தில் எழுதிவைக்க ஒரு பென்சில் போதும், படத்தின் முதுகில் இடமும் இருந்தது. இன்று நம் போன் நொடிக்கணக்கில் எழுதிவைக்கிறது, நாம்தான் இடம் மாற்றும்போது தொலைக்கிறோம்.

அண்ணன் தன் கிளவுட் கணக்கை 2024 செப்டம்பரில்தான் காலி செய்தார். அதற்கு முன் மூன்று பிரதிகள் போட்டோம். ஒன்று ஆவூர் வீட்டு பீரோவில், ஒன்று திருச்சியில் என்னிடம், ஒன்று சிங்கப்பூரில். ஜேசன்களையும் ஒன்றுவிடாமல் தனிக் கட்டாக மூன்றிலும் வைத்திருக்கிறோம்.

இதைப் படிக்கிறவர்களில் பலர் இந்த வருஷமோ அடுத்த வருஷமோ இடம் நிரம்பி இதே வேலையில் இறங்குவீர்கள். உங்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். இறக்கிய படங்களில் ஒரு பத்தை எடுங்கள். ஒன்று ஸ்கேன் செய்ததாக இருக்கட்டும், ஒன்று நள்ளிரவுக்குப் பின் எடுத்ததாக, ஒன்று நீங்கள் தமிழில் விவரம் எழுதியதாக. அவற்றை வேறொரு கணினியில் திறந்து, தேதியும் இடமும் பெயரும் கூட வந்திருக்கின்றனவா என்று வீட்டுப் பெரியவர் ஒருவரைப் பக்கத்தில் உட்காரவைத்துப் பாருங்கள். அவர் சரி என்று சொன்ன பிறகு அழியுங்கள்.